குறைமாதக் குழந்தைக்கு மருந்து வாங்க அப்பாவைத் தெருவுக்கு அனுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்குச் செயற்கையாகத் தயாரிக்கும் நுரையீரல் மருந்தைப் பற்றி உங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதையெல்லாம் எழுதுகிறவர்கள் குறைவு, அதற்கு முதலில் நன்றி. ஆனால் படித்து முடித்தபோது, இந்த மருந்து இனிமேல்தான் வரப்போகிறது, வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று வாசகர்கள் நினைத்துவிடுவார்களோ என்று பட்டது. நான் மும்பை சயான் கோலிவாடாவில் மருந்துக்கடை நடத்துகிறவன். சர்ஃபக்டன்ட் என்ற இந்த நுரையீரல் மருந்தில், விலங்கிலிருந்து எடுத்த வகையை என் கடை ஃப்ரிட்ஜில் வைத்து விற்கிறவன். அந்த இடத்தில் நின்று பார்க்கிறபோது தெரிகிற சில விஷயங்களைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டால் நடுவில் இருக்கிற விஞ்ஞானத்தை வெட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் இருக்கிற கோரிக்கையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். பார்மசி படித்துவிட்டு மாமா கடையில் வேலை பார்க்க வந்தேன், அப்புறம் அந்தக் கடையையே எடுத்து நடத்துகிறேன். சுற்றிலும் பெரிய மருத்துவமனை, மாநகராட்சிப் பிரசவ மையம், தெருவுக்கு ஒரு நர்சிங் ஹோம். தாராவி, ஆன்டாப் ஹில், வடாலா என்று நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். காய்ச்சல் மாத்திரை வாங்க வருகிறவர் நின்று ஊர்க்கதை பேசுவார். சர்ஃபக்டன்ட் வாங்க வருகிறவர் பேச மாட்டார். சீட்டை நீட்டுவார், "இருக்கா அண்ணாச்சி?" என்பார், விலையைக் கேட்பார், போனை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய் யாரிடமோ பணம் கேட்டுப் பேசுவார். பெரும்பாலும் குழந்தையின் அப்பாதான். இருபத்தைந்து வயசு இருக்கும். மனைவி பிரசவ வார்டில், குழந்தை இன்னொரு மாடியில் கண்ணாடிப் பெட்டியில், இவர் தெருவில்.

சீட்டில் எழுதியிருப்பது என்ன மருந்து என்று கேட்கிறவர்களுக்கு நான் கடையிலிருக்கும் பிளாஸ்டிக் பை ஒன்றை நனைத்துக் காட்டுவது வழக்கம். நனைந்த பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். நுரையீரலில் இருக்கும் நுண்ணிய காற்றறைகளின் கதையும் அதுதான். அவற்றின் உள்சுவரில் மெல்லிய நீர்ப்படலம் உண்டு, நீரின் பரப்பு இழுவிசை அந்த அறையை உள்பக்கமாகச் சுருக்கப் பார்க்கும். அறை சின்னதாக ஆக, சுருக்கும் அழுத்தம் கூடும். இதைச் சமாளிக்க நுரையீரலே ஒரு பொருளைச் சுரந்து அந்த நீர்ப்படலத்தின் மேல் பரப்பி வைக்கிறது. அதுதான் சர்ஃபக்டன்ட். ஏறக்குறைய 90 சதவீதம் கொழுப்பு, 10 சதவீதம் புரதம். கருவின் 24ஆம் வாரத்தை ஒட்டிச் சுரக்கத் தொடங்கினாலும், வேண்டிய அளவுக்குச் சேருவதற்கு 34, 35 வாரம் ஆகிவிடும். அதற்கு முன்னால் பிறந்துவிட்ட குழந்தைக்கு, மூச்சை வெளியே விட்டதும் காற்றறைகள் மூடிக்கொள்ளும். அடுத்த மூச்சில் அவற்றை மறுபடியும் முட்டித் திறக்க வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள உடம்பு எத்தனை நேரம் அப்படிப் போராடும்? மூச்சு விடும்போது முனகல் கேட்கும், மூக்கு விடைக்கும், விலா எலும்புகளுக்கு நடுவே நெஞ்சு குழியும். டாக்டர்கள் ஆர்டிஎஸ் என்று எழுதுவது இதைத்தான்.

இதைக் கண்டுபிடித்த வரலாற்றை உங்கள் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. நானும் அதிகம் சொல்லப்போவதில்லை. 1929இல் குர்ட் ஃபான் நீர்கார்ட் என்பவர், நுரையீரலைக் காற்றால் நிரப்புவதைவிடத் திரவத்தால் நிரப்பக் குறைந்த அழுத்தம் போதும் என்று காட்டினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1950களில் இங்கிலாந்தில் பேட்டில், அமெரிக்காவில் கிளெமென்ட்ஸ் என்று தனித்தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1959இல் மேரி எலன் ஏவரி என்ற பெண் மருத்துவரும் ஜியர் மீட் என்பவரும், மூச்சுத்திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் இந்தப் பொருள் போதவில்லை என்று நிரூபித்தார்கள். காரணம் தெரிந்துவிட்டது, மருந்து இல்லை. நாலு வருடம் கழித்து, 1963 ஆகஸ்டில், அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை சுமார் 2.1 கிலோ. 39 மணி நேரம்தான் உயிரோடு இருந்தான். இன்றைக்கு எங்கள் ஏரியாவில் அதே எடையில், அதே வாரத்தில் பிறக்கிற குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்து, ஆட்டோவில் பாட்டி மடியில் வீட்டுக்குப் போகின்றன.

1980இல் ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற மருத்துவர் மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபக்டன்ட்டைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாய் வழியே செலுத்திப் பலன் கண்டார். உலகம் விழித்துக்கொண்டது அப்போதுதான்.

இனி செயற்கை மருந்து விஷயம். அதை நாளைய அதிசயமாகக் காட்டுகிறது உங்கள் கட்டுரை. உண்மையில் அமெரிக்காவில் முதல்முதலாக, 1990இல், அனுமதி வாங்கிய சர்ஃபக்டன்ட்டே செயற்கைதான். பெயர் எக்ஸோசர்ஃப். அதை வடிவமைத்தவர் மேலே சொன்ன அதே கிளெமென்ட்ஸ். நுரையீரலில் இருக்கும் முக்கியமான கொழுப்பு, அதைப் பரப்பிவிட ஓர் ஆல்கஹால் வகை, ஒரு சோப்பு வகை, அவ்வளவுதான் அதன் செய்முறை. தூளாக வரும், நீர் விட்டுக் கலக்கிக் கொடுப்பார்கள். பல குழந்தைகளைக் காப்பாற்றியது. ஆனால் அடுத்த வருடமே மாட்டு நுரையீரலிலிருந்து தயாரித்த சர்வான்டா வந்தது, பின்னர் பன்றியிலிருந்து எடுத்த கியூரோசர்ஃபும் வந்தது. செயற்கையையும் விலங்கு வகையையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் விலங்கிலிருந்து வந்தவை சீக்கிரம் வேலை செய்தன, நுரையீரல் கிழிந்து காற்று கசிவதும் குறைந்தது. எக்ஸோசர்ஃப் சந்தையிலிருந்தே போய்விட்டது.

ஏன் அப்படி? அந்தப் பத்து சதவீதத்தில்தான் சூட்சுமம். சர்ஃபக்டன்ட்டில் உள்ள புரதங்களில் பி, சி என்ற இரண்டும்தான் கொழுப்பைச் சட்டென்று பரப்பி, ஒவ்வொரு மூச்சுக்கும் மறுபடி மறுபடி விரிய வைக்கின்றன. எக்ஸோசர்ஃபில் புரதமே கிடையாது. பி புரதம் எவ்வளவு முக்கியம் என்றால், மரபணுக் கோளாறால் அது இல்லாமல் பிறக்கிற குழந்தை நிறைமாதமாக இருந்தாலும் மூச்சுவிட முடியாமல் தவிக்கும். சரி, அந்தப் புரதத்தை ஆய்வகத்தில் செய்துவிடலாமே என்றால், அது லேசில் நடக்கிற காரியமாக இல்லை. பி புரதம் நீளமானது, சிக்கலாக மடிந்தது. சி புரதம் சின்னதுதான், ஆனால் தனியாகச் செய்தால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுபோகும். அதனால் பி புரதத்தின் குணத்தைக் கொண்ட 21 அமினோ அமிலத் துண்டு ஒன்றைச் செய்து கொழுப்போடு சேர்த்தார்கள். 2012இல் சர்ஃபாக்ஸின் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதில் மருந்துக்கடைக்காரன் ரசிக்கிற ஒரு விஷயம்: அந்த மருந்து குளிரில் இறுகிக்கொள்ளும். ஒரு தனி சூடேற்றும் கருவியில் 44 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, பிறகு நன்றாகக் குலுக்கினால்தான் திரவமாகும். அவசரத்துக்குத் தேவைப்படுகிற மருந்துக்கு இத்தனை சடங்கு. 2015இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் பி, சி இரண்டுக்கும் மாற்றான துண்டுகளைச் சேர்த்த புது மருந்து ஒன்று குழந்தைகளிடம் பரிசோதனை செய்யும் கட்டம் வரை போனது. நம் மும்பை பவாய் ஐஐடியிலும் பேராசிரியர் ரிந்தி பானர்ஜியின் குழு நுரையீரல் சர்ஃபக்டன்ட் பற்றிப் பல வருடம் ஆராய்ச்சி செய்தது.

செயற்கை மருந்து வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். வேண்டும், சீக்கிரம் வேண்டும். விலங்கின் நுரையீரலைச் சேகரித்து, கழுவி, பிரித்தெடுத்து, கிருமி இல்லை என்று உறுதி செய்து, குளிரிலேயே வைத்து அனுப்புகிற மருந்து மலிவாக வராது. இன்னொன்றும் உண்டு. "அண்ணாச்சி, இது எதிலேர்ந்து எடுக்கிறாங்க?" என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் மறைக்கக் கூடாது என்பது என் கொள்கை. மாடு என்றால் மாடு, பன்றி என்றால் பன்றி. தாராவியிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெரியவர், பேரனுக்கு எழுதியிருந்தது பன்றி வகை என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். மாட்டிலிருந்து எடுத்ததும் இருக்கிறது பாய், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டுமா என்றேன். "எது உடனே இருக்கோ அதைக் குடு தம்பி, உசுருக்கு முன்னாடி வேற என்ன" என்றார். மாட்டுங்காவிலிருந்து வந்த சுத்த சைவக் குடும்பத்து அம்மா ஒருவரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார், ஆனால் வீட்டில் மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். செயற்கை மருந்து தரமாக வந்துவிட்டால் இந்தச் சங்கடமெல்லாம் இருக்காது.

ஆனால் என் கடை வாசலில் நான் பார்க்கிற சிக்கல் வேறு. இருக்கிற மருந்தே குழந்தைக்கு நேரத்தில் போய்ச் சேருவதில்லை.

மூச்சுக்குழாயில் குழாய் போட்டாக வேண்டிய நிலையில் இருக்கிற குழந்தைக்கு, பிறந்த முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சர்ஃபக்டன்ட் கொடுப்பது, தள்ளிப்போட்டுக் கொடுப்பதைவிட உயிர் காக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. எல்லாக் குழந்தைக்கும் இது தேவைப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் கருவியிலேயே பலர் தேறிவிடுவார்கள், இப்போது டாக்டர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். அதிலும் ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டே போனால்தான் மருந்து. அப்படி முடிவெடுத்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? ஒரு சீட்டு எழுதி அப்பா கையில் கொடுக்கிறார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி. தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிற ஒரு தம்பி வந்தார். என்னிடம் இருந்த கடைசிக் குப்பி அன்று மாலைதான் போயிருந்தது. ஸ்டாக்கிஸ்டுக்குப் போன் போட்டால் காலையில் என்கிறார். பரேல் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு கடையில் இருக்கிறது என்று விசாரித்துச் சொன்னேன். கிங் சர்க்கிளில் தண்ணீர், ஹிந்த்மாதாவில் தண்ணீர், டாக்சி வர மாட்டேன் என்கிறது. அந்தத் தம்பி என்னிடம் தெர்மாகோல் பெட்டியும் ஐஸ் பேக்கும் வாங்கிக்கொண்டு நடந்தே போய், முழங்கால் தண்ணீரில் திரும்பி வந்து மருந்தைக் கொடுத்தார். குழந்தை பிழைத்தது. வெகுநாள் வென்டிலேட்டரில் இருந்துதான் பிழைத்தது. அது எந்த மருத்துவமனை என்று நான் எழுதப்போவதில்லை. அங்கே இருக்கும் நர்ஸ்களும் டாக்டர்களும் எப்படி உழைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்கள் கையில் மருந்து இல்லாததற்கு அவர்கள் காரணமில்லை.

விலைக்கு வருவோம். ஒரு குப்பி பல ஆயிரம் ரூபாய், பெரிய குப்பி பத்தாயிரத்தைத் தாண்டும். அளவு எடையைப் பொறுத்தது. பன்றி வகையில் முதல் தவணை கிலோவுக்கு 200 மில்லிகிராம், அதாவது 2.5 மில்லி. குழந்தை 1.2 கிலோ என்றால் மூன்று மில்லி, ஒரு குப்பியில் கச்சிதமாக முடிந்துவிடும். 1.3 கிலோ என்றால் 3.25 மில்லி. அந்தக் கால் மில்லிக்காக இன்னொரு சின்னக் குப்பி, ஒன்றரை மில்லி, வாங்க வேண்டும். மிச்சத்தை வைத்திருக்க முடியாது, திறந்த குப்பி திறந்ததுதான், குப்பைக்குப் போகும். ஒரே நாளில் இரண்டு குழந்தைக்குத் தேவைப்படுகிற பெரிய பிரிவில் குப்பிகளின் அளவைக் கூட்டிக் கழித்துத் திட்டம் போட முடியும். தனியாக வந்து வாங்குகிற அப்பாவால் அது முடியுமா?

இதில் எனக்கும் அவர்களுக்கும் அடிக்கடி சண்டை வருகிற இடம் ஒன்று உண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு குப்பி வாங்கிவரச் சொல்வார்கள். ஒன்று போதுமாகிவிடும். திறக்காத குப்பியை மறுநாள் கொண்டுவந்து, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் அண்ணாச்சி என்பார்கள். நான் எடுக்க மாட்டேன். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வந்த குப்பியைத் திறக்காமல் இருந்தால் குறித்த நேரத்துக்குள் ஒருமுறை மட்டும் திரும்பக் குளிரில் வைக்கலாம், மறுமுறை கூடாது. அது ராத்திரி முழுக்க வார்டு ஃப்ரிட்ஜில் இருந்ததா, யாருடைய சட்டைப் பையில் இருந்ததா என்று நான் எப்படி நம்புவது? அதை எடுத்து இன்னொரு குழந்தைக்கு விற்க முடியாது. "நீங்க நம்ம ஊர்க்காரரா" என்று ஒரு அக்கா என்னைக் கேட்டுவிட்டுப் போனார். கோபம் நியாயம்தான். ஐஸ் கட்டி நேராகக் குப்பியில் படும்படி வைத்து உறையவிட்டுக் கொண்டுபோனவரும் உண்டு. உறைந்தால் அந்த மருந்து வீண். வெறும் துணியோ காகிதமோ சுற்றி வைத்திருந்தால் போதும், ஆனால் அந்தப் பதற்றத்தில் யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்?

அரசாங்க மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு மருந்து உட்பட எல்லாம் இலவசம் என்று 2011இல் வந்த மத்திய அரசுத் திட்டமே இருக்கிறது, ஜனனி சிசு சுரக்ஷா காரியக்கிரம் என்று பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தைகளுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சர்ஃபக்டன்ட் இருக்கிறது. காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை.

மருந்தைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, மருந்து வாங்கும் அவசியமே வராமல் பல குழந்தைகளைக் காக்கிற ஓர் ஊசியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். உங்கள் கட்டுரையில் அது அறவே இல்லை. குறைப்பிரசவ வலி வந்துவிட்டது என்று தெரிந்ததும் அம்மாவுக்குப் போடுகிற ஸ்டீராய்டு ஊசி. நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரண்டு மருத்துவர்கள் 1972இல் வெளியிட்டது. அம்மாவின் இரத்தம் வழியாகக் குழந்தையிடம் போய், நுரையீரலைச் சீக்கிரம் பக்குவப்படுத்தும். பீட்டாமெத்தசோன் என்றால் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி, டெக்சாமெத்தசோன் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி. நம் ஊரில் 24 முதல் 34 வாரம் வரை போடுகிறார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020இல் வெளிவந்த பெரிய ஆய்விலும் இதனால் குழந்தை இறப்பு குறைந்தது. டெக்சாமெத்தசோன் என் கடையிலேயே மிக மலிவான ஊசிகளில் ஒன்று, நாலும் சேர்ந்து சில பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் முதல் ஊசியை ஆரம்ப நிலையத்து நர்சே போடலாம் என்று 2014இல் மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. இதைக் கடையில் வந்து கேட்டு நீங்களாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. வாரக் கணக்கு சரியாகத் தெரிய வேண்டும், அம்மாவுக்குச் சர்க்கரை ஏறும், தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ வலி வந்து மருத்துவமனைக்குள் நுழையும்போது, "குழந்தையோட நுரையீரலுக்கு ஊசி போட்டீங்களா?" என்று கேட்க வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஏழாம் மாதம் என்றதும் நம்மவர்களிடம் ஊறிப்போன ஒரு நம்பிக்கை ஞாபகம் வருகிறது. ஏழாம் மாசத்தில் பிறந்தால் தங்கும், எட்டாம் மாசத்தில் பிறந்தால் தங்காது என்பார்கள். என் ஆத்தாவும் சொல்வார். தப்பு. 28 வாரத்தைவிட 30, 30ஐவிட 32, 32ஐவிட 34 நல்லது. இடையில் திரும்பிக் கீழே போகிற வாரம் எதுவும் இல்லை. இந்த நம்பிக்கையால் எட்டாம் மாதக் குழந்தையைப் பார்த்து, இது தங்காது, எதற்குச் செலவு என்று காதுபட முணுமுணுத்த உறவுக்காரர்களை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, நாள் நட்சத்திரம் பார்த்துச் செய்கிற சிசேரியன். சுகர் இல்லை, பிரஷர் இல்லை, டாக்டர் சொன்ன காரணமும் இல்லை. வெள்ளிக்கிழமை நல்ல நட்சத்திரம், 37 வாரம் ஆகிவிட்டதே, எடுத்துவிடலாம் என்று வற்புறுத்துகிறார்கள். 39 வாரத்துக்கு முன்னால் வலியே வராமல் அறுத்து எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுத் தொந்தரவு கூடுதல். குழந்தைக்கு ஜாதகம் எழுதப்போகிற ஜோசியரே ரெண்டு வாரம் தள்ளி ஒரு நல்ல நாள் பார்த்துக் கொடுக்கக் கூடாதா?

தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. வளைகாப்பு முடிந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் பயணம். முன்பு குறைப்பிரசவம் ஆனவர், இரட்டைக் குழந்தை சுமப்பவர், பிரஷர் இருப்பவர் எல்லாம் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. நடுவழியில் வலி வந்தால் இறங்குகிற ஊரில் பச்சிளங்குழந்தைப் பிரிவு இருக்குமா என்று ரயில் பார்ப்பதில்லை. பிறந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே நல்ல பிரிவு உள்ள இடத்துக்கு அம்மா போய்ச் சேர்வது எவ்வளவோ மேல்.

இனி என் கோரிக்கை. மும்பை மாநகராட்சியிடம் கேட்பது, உங்கள் வழியாக.

நர்சிங் ஹோம்கள் சர்ஃபக்டன்ட் வாங்கி வைக்காததற்குக் காரணம் கஞ்சத்தனம் மட்டும் கிடையாது. மாதக்கணக்கில் ஒரு குழந்தைகூட வராமல் போகலாம், காலாவதி ஆனால் அத்தனை ஆயிரமும் போச்சு. நானே இரண்டு குப்பிக்கு மேல் வைக்க யோசிக்கிறேன். ஆனால் பெரிய பொது மருத்துவமனையில் அது தினமும் செலவாகிற பொருள். ஆகவே ஊர் முழுக்க ஒரே கணக்கு வேண்டும். மாநகராட்சி மொத்தமாக வாங்கட்டும். எல்லா அளவுக் குப்பியும் இருக்கட்டும். பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு பெரிய இடத்திலும் ஃப்ரிட்ஜில் குறைந்தபட்ச இருப்பு என்று ஓர் எண்ணை நிர்ணயிக்கட்டும். சின்ன இடங்களில் இருக்கும் குப்பி காலாவதி நெருங்குவதற்கு முன் பெரிய இடத்துக்கு மாற்றிக்கொண்டு, புதியதைத் திருப்பித் தரட்டும். ராத்திரி எந்த ஃப்ரிட்ஜில் எத்தனை இருக்கிறது என்று போன் போட்டால் சொல்ல ஓர் ஆள், எடுத்துக்கொண்டு போக குளிர்ப்பெட்டியோடு ஒரு பைக். என்னைப் போன்ற கடைக்காரர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்தால், எங்களிடம் இருக்கிற குப்பியையும் சொல்லிவிடுவோம். குடும்பத்தை அலைய விடாமல் மருத்துவமனையே வாங்கிக்கொண்டு கணக்கை அப்புறம் முடிக்கட்டும்.

நடக்காத காரியம் என்று சிரிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் அமைத்து, மருந்தை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளிலிருந்து மருத்துவமனைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற முறையைக் கொண்டுவந்தார்கள். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஏற்பாடு அது. அவ்வளவு தூரம் ஏன், எங்கள் சயானிலேயே 1989இல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை மாநகராட்சி மருத்துவமனையில் தொடங்கினார். பால் சுரக்காத தாயின் குறைமாதக் குழந்தைக்கு இன்னொரு தாயின் பாலைப் பதப்படுத்தி, குளிரில் வைத்து, கணக்கு எழுதிக் கொடுக்க முடிகிற ஊரில், மூடி முத்திரை வைத்த குப்பியைக் கணக்கு வைக்க முடியாதா?

2020இல் இந்தியாவில் ஏறக்குறைய 30 லட்சம் குறைமாதக் குழந்தைகள் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, வேறு எந்த நாட்டிலும் அத்தனை இல்லை. அதில் மிகவும் முன்னால் பிறக்கிறவர்களுக்குத்தான் இந்த மருந்து வேண்டும். நாளைக்குச் செயற்கை மருந்து தூளாக, மலிவாக, ஃப்ரிட்ஜ் தேவைப்படாமல் வந்தாலும், அதையும் சீட்டில் எழுதி அப்பா கையில் கொடுக்கிற பழக்கம் இருந்தால் அவர் அப்போதும் என் கடைக்குத்தான் ஓடி வருவார்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் நிருபர் ஒருவரை ஏதாவது ஒரு ராத்திரி பத்து மணிக்கு மேல் மாநகராட்சி மருத்துவமனைகளின் குழந்தைப் பிரிவுகளுக்கு அனுப்பி, ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இப்போது ஃப்ரிட்ஜில் எத்தனை குப்பி சர்ஃபக்டன்ட் இருக்கிறது? வருகிற பதிலை மருத்துவமனை வாரியாக அப்படியே அச்சிடுங்கள். அதற்கு அடுத்த மாதமும் அதே கேள்வியோடு போகச் சொல்லுங்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். மருத்துவமனைக்காரர்கள் எனக்கு வாடிக்கையாளர்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
சயான் கோலிவாடா, மும்பை.